மூட்டை தூக்க ஆள் இல்லை: குறை யாரிடம்?



இன்று கடைவீதியில் இரண்டு வணிகர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு விலைவாசியில் தொடங்கினாலும் வரியில் தொடங்கினாலும் கடைசியில் ஓரிடத்தில்தான் வந்து நிற்கிறது. "லாரி காலையிலிருந்து நிற்கிறது, இறக்க ஆள் இல்லை" என்பதே அது. சென்னை கோயம்பேடு ஆனாலும், மதுரை கீழமாசி வீதி ஆனாலும், சேலம் லீ பஜார் ஆனாலும் புலம்பல் ஒன்றுதான். சொன்ன நேரத்துக்கு ஆள் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவர்களே இன்னும் மூட்டைக்கு முதுகு கொடுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வர உள்ளூர்ப் பிள்ளைகள் இல்லை.

இதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். இளைஞர்களுக்கு உடம்பு வணங்கவில்லை, செல்போன் கெடுத்துவிட்டது, இலவசங்கள் கெடுத்துவிட்டன, நூறு நாள் வேலை கெடுத்துவிட்டது. இந்தப் பட்டியலில் நம் பெயர் மட்டும் ஒருநாளும் இடம்பெற்றதில்லை. வரவு செலவு பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு பக்கத்தை மட்டும் எழுதி மறுபக்கத்தை வெறுமையாக விட்டால் அது கணக்காகாது என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆகவே இந்த விஷயத்தில் மறுபக்கத்தையும் ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

ஒரு லாரியின் கணக்கு

பத்து டன் சரக்கோடு ஒரு லாரி வருகிறது. 50 கிலோ மூட்டை என்றால் 200 மூட்டை. நான்கு பேர் இறக்கினால் தலைக்கு 50 மூட்டை, அதாவது 2,500 கிலோ. லாரியிலிருந்து அட்டி வரை 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் 750 மீட்டர் தூரத்தைச் சுமையோடு நடக்கிறார். அதே தூரத்தை வெறுங்கையோடு திரும்பி நடக்கிறார். இது சமதரையில். அட்டி உயர உயர, அரை மூட்டையும் முக்கால் மூட்டையுமாக அடுக்கிய படிகளில் ஏறி, தலைக்கு மேல் உள்ள இடத்தில் மூட்டையைச் சாய்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு லாரி வந்தால் தலைக்கு ஐந்து டன்.

நாம் கல்லாவில் இருந்து பார்க்கும்போது, மூட்டை உள்ளே போவது மட்டுமே கண்ணில் படுகிறது. எண்ணிக்கை சரியா, கிழிசல் உண்டா, ஈரம் உண்டா என்று பார்க்கிறோம். மூட்டைக்குக் கீழே இருக்கும் கழுத்தையும் முழங்காலையும் பார்ப்பது நம் வழக்கத்தில் இல்லை.

எங்கள் கிட்டங்கியில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிட்டங்கியில் துவரம்பருப்பு அட்டி ஒன்று சரிந்தது. அடியில் நின்ற தொழிலாளிக்குக் கால் எலும்பு முறிந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்கு லோடு இறக்கியவர். உடனே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். செலவைக் கொடுத்தோம். வீட்டுக்கு அரிசி பருப்பு அனுப்பினோம். நம் கடமை முடிந்தது என்று நினைத்தோம். அன்று மாலை கடையில் பேசிக்கொண்டதெல்லாம், "இத்தனை வருஷ அனுபவம் உள்ள மனுஷன், கொஞ்சம் பார்த்து நின்றிருக்கலாம்" என்பதுதான்.

சரிந்த மூட்டைகளை மறுபடி அடுக்கும்போதுதான் மற்றவை கண்ணில் பட்டன. அந்த அட்டி 14 வரிசை உயரம், அதாவது ஏறக்குறைய பத்து அடி. அடுத்த கிட்டங்கிக்கு வாடகை கொடுக்க மனமில்லாமல், இருக்கிற இடத்திலேயே ஏற்றச் சொன்னது நாங்கள். அடியில் மரக்கட்டை போடாமல் தரையிலேயே அடுக்கியிருந்தோம். தரை ஈரத்தில் கீழ்வரிசைச் சாக்குகள் இற்றுப்போய், ஒரு மூட்டையிலிருந்து பருப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் விளக்கு எரிந்து பத்து நாளாகியிருந்தது. அன்றைக்கு வெளியூர் வண்டி காத்திருந்ததால், "சீக்கிரம், சீக்கிரம்" என்று வாசலில் நின்று விரட்டியதும் நாங்கள்தான்.

தொழிலாளி செய்த தவறும் ஒன்று உண்டு. மேலிருந்து படிப்படியாக இறக்காமல், எட்டும் உயரத்தில் இருந்த மூட்டையை நடுவிலிருந்து இழுத்தார். அது கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஏன் செய்தார்? மேலே ஏறி இறக்க நேரமாகும். கூலியோ மூட்டைக்கு இவ்வளவு என்று. நிதானமாகச் செய்கிறவருக்கு நாம் ஒரு பைசா கூடுதலாகக் கொடுப்பதில்லை. வேகமாகச் செய்கிறவருக்கு அடுத்த லாரியும் கிடைக்கிறது. அவருடைய அந்த ஒரு தவறுக்கும் கூலி நிர்ணயித்த வகையில் நமக்குப் பங்கு இருக்கிறது.

ஆக, உயரம், தரை, விளக்கு, அவசரம், இழுத்தது என்று ஐந்து காரணங்கள். நான்கு முழுக்க எங்கள் கையில் இருந்தவை. ஐந்தாவதில் பாதி எங்களுடையது. ஆனால் விபத்து நடந்த அன்று மாலை நாங்கள் பேசியது அந்த மீதிப் பாதியைப் பற்றி மட்டுமே.

அவர் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. ஒருநாள் அவருடைய மகன் கடைக்கு வந்தபோது, அப்பா இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டோம். சென்னையில் வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிற பையன் அவன். மரியாதையாகத்தான் சொன்னான்: "அதுலயும் கஷ்டம் உண்டு அண்ணாச்சி. ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுக்க முடியுது. எங்க அப்பா அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை." இந்தப் பையனைச் சோம்பேறி என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவரவர் உடம்பு, அவரவர் பொறுப்பா?

"அவரவர் உடம்பை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாம் என்ன கூடவே நிற்க முடியுமா?" என்று கேட்கும் நண்பர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. குடித்துவிட்டு மூட்டை தூக்குகிறவரைச் சட்டம் காப்பாற்றாது. கொடுத்த கையுறையை மாட்டாமல் ஆணியில் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. தள்ளுவண்டி இருந்தும், அதை எடுத்து வரச் சோம்பி, இரண்டு 25 கிலோ பைகளை ஒன்றாகத் தோளில் போடுகிறவர்களும் உண்டு. சொந்தப் பொறுப்பு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது இல்லாத இடத்தில் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை.

ஆனால் பொறுப்பு என்பது அதிகாரத்தோடு சேர்ந்து போக வேண்டிய ஒன்று. மூட்டையின் எடையைத் தீர்மானிப்பவர் தொழிலாளி அல்லர். அட்டியின் உயரமும், லாரி வரும் நேரமும், விளக்கும் தரையும் அவர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது காலை எங்கே வைப்பது, எப்படிக் குனிவது, எந்த மூட்டையை முதலில் எடுப்பது என்பவை மட்டுமே. எவர் கையில் எவ்வளவு இருக்கிறதோ அவர் அந்த அளவுக்குப் பொறுப்பாளி. கூட்டு வியாபாரத்தில் முதலுக்குத் தக்கபடி லாப நஷ்டம் பிரிப்பது நமக்குப் பழக்கமான முறைதானே. இங்கும் அதே முறைதான்.

நம்மிடம் வாடிக்கையாளர் ஒருவர் எடை குறைந்த சரக்கோடு திரும்பி வந்தால், "நீங்கள்தான் பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று நல்ல வணிகர் சொல்வதில்லை. தராசு நம்முடையது, ஆகவே பொறுப்பும் நம்முடையது. கிட்டங்கி யாருடையது என்று கேட்டுக்கொண்டால் இதற்கும் பதில் கிடைத்துவிடும்.

எடை குறைந்த கதை

நம் தந்தையர் காலத்தில் சர்க்கரை 100 கிலோ மூட்டையில் வந்தது. அதை ஒருவரே முதுகில் வாங்கிக்கொண்டு நடந்ததை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். வீரம் என்று வியந்திருக்கிறோம். அந்த வீரர்கள் அறுபது வயதில் எப்படி நடந்தார்கள் என்பதையும் பார்த்தோம். அதை வேலையோடு சேர்த்து நினைக்கத்தான் தவறினோம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே ஒருவர் தூக்கும் உச்ச எடை குறித்து ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதனுடன் வந்த பரிந்துரையில், வயது வந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோ என்ற அளவு சொல்லப்பட்டது. அதற்கு மேல் இருந்தால் விரைவில் குறைக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2010ஆம் ஆண்டில். இடையில் 43 ஆண்டுகள். ஒரு தொழிலாளி தூக்கத் தொடங்கி ஓய்ந்துபோகும் காலம் அது. இன்று தானியமும் சர்க்கரையும் பெரும்பாலும் 50 கிலோ மூட்டையில் வருகின்றன.

50 கிலோவும் லேசான சுமை அல்ல. அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கான அரசு நிறுவனம் 1991ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட கணக்கு முறையில், எல்லாச் சூழ்நிலையும் சாதகமாக இருந்தாலும் தொடக்க அளவே 23 கிலோதான். குனிந்து எடுத்தால், உடம்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் அதிலிருந்து இன்னும் கழித்துக்கொண்டே போக வேண்டும். பிரிட்டனில் சிமெண்டையே 25 கிலோ பையில் விற்கிறார்கள். இங்கே அது 50 கிலோ.

"பையைச் சிறிதாக்குவது நடக்கிற காரியமா? ஆலைக்காரர்கள் ஒப்புவார்களா?" என்று கேட்கலாம். இதற்கு நமக்கே ஓர் அனுபவம் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான பையில் அடைத்துப் பெயரிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. உடனே என்ன நடந்தது? பல ஆலைகள் 26 கிலோ பை போட்டன. புதுப் பை அச்சாயிற்று, எடை இயந்திரத்தின் அளவு மாறிற்று, விலைப்பட்டியல் மாறிற்று. எல்லாம் சில வாரங்களில் முடிந்தது. வணிகத்தில் யாரும் அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் வரிக்காகப் பையின் எடையை மாற்ற முடியும் என்றால், முதுகுக்காகவும் மாற்ற முடியும். முடியாது என்பதல்ல, அந்தத் தேவை நம் கணக்கில் இதுவரை ஏறவில்லை என்பதே உண்மை.

சட்டம் எதுவரை வரும்?

விதிகள் என்றாலே நமக்குக் கசப்பு. பதிவேடு, படிவம், ஆய்வாளர், அபராதம் என்றே அவை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தக் கசப்பில் நியாயமும் உண்டு. கேரளத்தில் சுமைத் தொழிலாளர்களுக்கென 1978ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. நல்ல நோக்கத்தில் வந்ததுதான். ஆனால் சுமையைத் தூக்காமலே, பக்கத்தில் நின்று பார்த்ததற்கு வாங்கும் "நோக்குக்கூலி" என்ற வழக்கமும் அங்கே வளர்ந்து, வணிகர்களும் வீடு கட்டுகிறவர்களும் தவித்தார்கள். கடைசியில் 2018 மே 1 முதல் அந்த வழக்கத்தை அந்த அரசே தடை செய்ய வேண்டி வந்தது. விதி மட்டும் இருந்து, இரு தரப்பிலும் மனச்சாட்சி இல்லாவிட்டால் இப்படித்தான் முடியும்.

மறுபுறம், விதி வராமல் நடக்காத காரியங்களும் உண்டு. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருந்த பணியாளர்களுக்கு உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதைச் சொல்ல, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021ஆம் ஆண்டில் திருத்த வேண்டியிருந்தது. ஒரு முக்காலி போடுவதற்கு ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது நமக்குப் பெருமை தருவதன்று.

மூட்டை விஷயத்தில் சட்டம் எங்கே நிற்கிறது? தொழிற்சாலைகளில் உடம்புக்குக் கேடு தரும் அளவு எடையைத் தூக்கச் செய்யக் கூடாது என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34ஆவது பிரிவில் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இதில் வேலை இடத்தை ஆபத்தில்லாமல் வைத்துக்கொள்வது முதலாளியின் கடமை. தன் பாதுகாப்பையும் பக்கத்தில் இருப்பவர் பாதுகாப்பையும் கவனித்து நடப்பது தொழிலாளியின் கடமை. இரண்டையும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குத்தான் இது பொருந்தும். மூன்று பேர் வேலை செய்யும் மளிகைக் கடை, ஒரு கணக்கரும் ஒரு காவலாளியும் உள்ள கிட்டங்கி, லாரி வரும்போது மட்டும் வந்து போகும் லோடு ஆட்கள் என்பதுதானே நம் கடைவீதி? பெரும்பாலான இடங்களில் ஆய்வாளர் வந்து கேட்கப்போவதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் பொறுப்பின் அளவு தெரியும்.

தொழில் அழிகிறது என்றால் எது அழிகிறது?

மூட்டை தூக்குவது வெறும் பலம் அல்ல என்பதை அட்டி போடத் தெரியாதவர்களை வைத்து ஒருமுறை அடுக்கிப் பார்த்தவர்கள் அறிவார்கள். செங்கல் கட்டுவது போல, கீழ்வரிசை நெடுக்காக வந்தால் மேல்வரிசை குறுக்காக வர வேண்டும். வாய் தைத்த பக்கம் உள்ளே போக வேண்டும். சுவரில் சாய்க்காமல் இரண்டடி இடம் விட வேண்டும்; அப்போதுதான் காற்றும் ஓடும், எலி நடமாட்டமும் தெரியும். உயரப் போகப்போக ஓரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு வர வேண்டும். மூட்டையைத் தொட்டே ஈரத்தைச் சொல்லும் கைகள் இருந்தன. சாக்கைக் கோணி ஊசியால் இரண்டு நிமிடத்தில் தைத்துக் காது வைக்கும் கைகள் இருந்தன. இந்த வேலைகளை எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்பனிடமிருந்தும் மேஸ்திரியிடமிருந்தும் பிள்ளைகள் பார்த்துக் கற்றார்கள்.

இப்போது அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. வட மாநில இளைஞர்கள் வருகிறார்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த அன்றே அவர்களை அட்டி மேல் ஏற்றிவிடுகிறோம். "விலகு", "விழுது" என்று கத்தினால் அவர்களுக்குப் புரிவதில்லை. அவர்கள் கத்துவது நமக்குப் புரிவதில்லை. பழைய கைகள் இன்னும் இருக்கும்போதே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைக்காவிட்டால், இன்னும் பத்து ஆண்டுகளில் நம் கிட்டங்கியில் ஒழுங்காக ஓர் அட்டி போட ஆள் இருக்காது.

ஒரு கைத்தொழிலுக்கு அடுத்த தலைமுறை வரவேண்டுமானால், அதில் இருந்தவர்கள் நல்லபடியாக ஓய்வு பெற்றதை அந்தத் தலைமுறை கண்ணால் பார்க்க வேண்டும். கூலியை ஏற்றினால் மட்டும் போதும் என்று நினைத்தோம். ஏற்றியும் பார்த்துவிட்டோம். ஆள் வரவில்லை. முழங்காலுக்கு விலை சொல்ல முடியாது என்பதைப் பிள்ளைகள் நமக்கு முன்பே புரிந்துகொண்டார்கள்.

சுமைதாங்கிக் கல்

நம் ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கிக் கற்கள் இன்றும் சில இடங்களில் நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல் இறக்கி வைத்து, மறுபடி தானே ஏற்றிக்கொள்ளும் உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கம். முன்பின் தெரியாத ஒருவருடைய கழுத்து வலியைக் குறைப்பதைப் புண்ணியமாக நினைத்த ஊர் இது. தரையிலிருந்து தூக்குவதுதான் உடம்பைக் கெடுக்கும், தோள் மட்டத்திலிருந்து எடுப்பது கெடுக்காது என்ற அறிவும் அந்தக் கல்லில் இருக்கிறது. அந்த அறிவை நம் கிட்டங்கிக்குள் கொண்டு வந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

நாம் செய்யக் கூடியவை

பெரிய முதலீடு கேட்காத சில காரியங்களை நம் உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

1. அட்டியின் உயரத்துக்குச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். எவ்வளவு அவசரமானாலும் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். அடியில் மரக்கட்டை போடுவது சரக்குக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

2. கைத்தள்ளுவண்டி ஒன்று வாங்குங்கள். ஒரு மூட்டை பருப்பின் விலையை ஒட்டித்தான் அதன் விலையும் இருக்கும். அது ஓடத் தரையில் உள்ள குழியைப் பூசுங்கள். வாசற்படிக்கு ஒரு சாய்தளம் போடுங்கள்.

3. லாரிக்கும் வாசலுக்கும் இடையே போடும் பலகை கனமானதாக, வழுக்காதபடி குறுக்குச் சட்டம் அடித்ததாக இருக்கட்டும். விரிசல் விட்ட பலகையை அன்றே விறகாக்குங்கள்.

4. இறக்கி வைக்கும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டுங்கள். அதுவே நம் கிட்டங்கியின் சுமைதாங்கி.

5. விளக்கு, குடிநீர், உட்கார ஒரு பெஞ்சு ஆகிய மூன்றும் இல்லாத கிட்டங்கி நம் கடைவீதியில் இருக்கக் கூடாது. மிளகாய் வற்றல் இறக்கும் நாளில் மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்புக் கொடுங்கள்.

6. பூச்சிக்கு மருந்து வைத்த கிட்டங்கியைக் காற்றாடத் திறந்து வைக்காமல் ஆளை உள்ளே அனுப்பாதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டதும் வெளிவிடும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். அதைப் பயிற்சி பெற்ற, அனுமதி பெற்ற ஆட்களிடம்தான் விட வேண்டும்.

7. லாரி இறக்கும்போது "சீக்கிரம்" என்று விரட்டுவதை நிறுத்துங்கள். மூட்டைக் கூலியோடு, கிழிசலும் விபத்தும் இல்லாமல் மாதம் முடிந்தால் குழுவுக்கு ஒரு தொகை என்று வைத்தால், நிதானத்துக்கும் ஒரு விலை கிடைக்கும்.

8. சுமை தூக்குவோர் உள்ளிட்ட உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் நலவாரியம் இயங்குகிறது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை அதில் உண்டு. உங்களிடம் வருகிறவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு நம் கடைக் கணக்கர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தொழிலாளத் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மேலிருந்து கீழாகத்தான் அட்டியை இறக்க வேண்டும். இரண்டு பையை ஒன்றாகத் தோளில் போடுவது கெட்டிக்காரத்தனம் அல்ல. குடித்துவிட்டு வருகிறவரைக் குழுவே திருப்பி அனுப்ப வேண்டும். ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு வந்து சொல்ல வேண்டும். அப்படி ஒருவர் வந்து சொல்லும்போது, "வேலைக்குச் சாக்கா?" என்று கேட்காமல், எழுந்து போய்ப் பார்ப்பது நம் பொறுப்பு. அங்கே நாம் ஒருமுறை முகம் சுளித்தால், அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

சங்கத்தின் கடமை

ஒரு கடைக்காரர் மட்டும் இதைச் செய்தால் அவருக்குச் செலவு, பக்கத்துக் கடைக்காரருக்கு லாபம் என்று ஆகும். ஆகவே இது சங்கம் எடுத்துச் செய்ய வேண்டிய காரியம். அட்டி உயரம் எவ்வளவு என்பதை நம் பொதுக்குழுவிலேயே தீர்மானமாகப் போடலாம். நம் வாங்கும் பலத்தைக் கொண்டு, 50 கிலோவுக்குப் பதில் 25, 30 கிலோ மூட்டைகளை ஆலைகளிடம் கூட்டாகக் கேட்கலாம். அதனால் மூட்டையின் எண்ணிக்கை கூடும், கூலிக் கணக்கும் மாறும். அதைத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து எடைக் கணக்கில் பேசிக்கொள்ளலாம். பழைய மேஸ்திரிகளை அழைத்து, புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு நாள் அட்டி போடக் கற்றுக்கொடுக்கச் சொல்லி, அந்த இரண்டு நாளுக்கும் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம்.

விபத்துக்குப் பின் நாம் கொடுக்கும் மருத்துவச் செலவும், ஆள் இல்லாமல் நிற்கும் லாரிக்குக் கொடுக்கும் காத்திருப்புக் கூலியும், இறக்கத் தாமதமாகிக் கெடும் சரக்கும் நம் பேரேட்டில் வெவ்வேறு தலைப்பில் பற்று எழுதப்படுகின்றன. எல்லாம் ஒரே கடனுக்கான வட்டிதான். அசலைத் தீர்க்காமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருப்பது நல்ல வணிகருக்கு அழகல்ல.

அடுத்த முறை "ஆள் இல்லை" என்று சொல்ல வாயெடுக்கும் முன், ஒவ்வொருவரும் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு நம் கிட்டங்கிக்குள் ஒருமுறை போய்ப் பார்ப்போம். அட்டியின் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்ப்போம். அங்கே நம் பிள்ளையை நிறுத்தி வேலை வாங்குவோமா என்று கேட்டுக்கொள்வோம். மாட்டோம் என்று மனம் சொன்னால், அன்றைக்கே அந்த அட்டியை இறக்கிப் போடச் சொல்வோம். ஆள் வருவதும் வராததும் அதற்குப் பின் பேச வேண்டிய பேச்சு.